ஏழு கடலும் கடல் புறாவும்

(மதுரையை அடுத்த ஒரு கிராமத்து வாசகசாலையின் ஆண்டு விழாவில் தோழர் ஒருவர் செய்த பிரசங்கம்)



இந்த வாசகசாலையின் காரியதரிசி எனக்கு எழுதிய கடிதத்தில், நாவலாசிரியர் சாண்டில்யனைப் பற்றியும் அவர் எழுதிய கடற்கதைகளைப் பற்றியும் பேசவேண்டும் என்று கேட்டிருந்தார். வைகையில் மணலைத் தவிர வேறொன்றையும் காணாமல் பல மாதங்களைக் கழிக்கிற நமக்குக் கடலைப்பற்றி என்ன பேச்சு என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சற்று முன் இங்கே புத்தகம் எடுத்துப்போகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைப் புரட்டினேன். பக்கத்துக்குப் பக்கம் கடல் புறா, யவன ராணி, ஜலதீபம் என்றுதான் இருக்கிறது. கடல் புறா முதல் பாகத்துக்கு இரண்டு தடவை பைண்டு போட்டிருக்கிறார்கள். கடலுக்கும் நமக்கும் 60, 70 மைல் தூரம். அதைக் கண்ணால் கண்டவர்களைவிடப் புத்தகத்தில் கண்டவர்கள்தான் இங்கே அதிகம் போலிருக்கிறது. ஆகவே பேசவேண்டிய விஷயந்தான்.

மதுரைக்குக் கடல் வருவது இது முதல் தடவை அல்ல. புது மண்டபத்துக்குப் பக்கத்தில் ஏழுகடல் தெரு என்று ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும். துணி வாங்கப் போனவர்கள் எல்லாரும் அந்தத் தெருவில் நடந்திருப்பீர்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர்? மலயத்துவச பாண்டியன் மனைவி காஞ்சனமாலைக்குக் கடலில் முழுகிப் புண்ணியம் தேட ஆசை வந்ததாம். உடனே சிவபெருமான் ஏழு கடலையும் மதுரைக்கே வரவழைத்து ஒரு குளத்துக்குள் அடக்கிக் கொடுத்தாராம். திருவிளையாடற் புராணம் சொல்லுகிறது. பாண்டியனுக்குக் கொற்கை என்ற துறைமுகம் இருந்தது. அங்கே முத்துக் குளித்தார்கள். கப்பல் வந்தது, போனது. ராணியம்மாள் ஒரு வண்டி கட்டிக்கொண்டு போய் முழுகிவிட்டு வந்திருக்கலாம். புராணக்காரருக்கு அது பிடிக்கவில்லை. மனிதன் கடலுக்குப் போகக்கூடாது, கடல்தான் சாமியின் தயவால் மனிதனிடம் வரவேண்டும். அதே புராணத்தில் வலை வீசின படலம் என்று இன்னொன்று இருக்கிறது. வேதப்பொருளைக் கவனமாகக் கேட்காத குற்றத்துக்காகப் பார்வதிக்குத் தண்டனை கொடுக்கிறார்கள். என்ன தண்டனை? செம்படவர் குலத்திலே போய்ப் பிற என்பதுதான்! கடலில் உயிரைப் பணயம் வைத்து உழைத்து ஊருக்கு மீன் கொண்டுவருகிறவனுடைய பிறப்பு இவர்களுக்குத் தண்டனையாகப் பட்டிருக்கிறது.

சாண்டில்யன் மதுரைக்கு இரண்டாம் முறையாகக் கடலைக் கொண்டுவந்தார். சாமி தயவு இல்லாமல், வாராவாரம், சில்லறைக் காசுக்குக் கொண்டுவந்தார்.

அவருடைய இயற்பெயர் பாஷ்யம் அய்யங்கார். 1910-ல் திருக்கோவலூரில் பிறந்தவர். சொந்த ஊர் மாயவரம் பக்கத்துத் திருஇந்தளூர். கல்லூரியில் படிக்கும்போதே காங்கிரஸ் பற்றுக்கொண்டவர். சுதேசமித்திரனில் நிருபராக வேலை பார்த்தார். சினிமாக்களுக்கும் எழுதிப் பார்த்தார். முதலில் எழுதியவை சமூகக் கதைகள். குமுதம் பத்திரிகை அவரை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவர் பெயர் பட்டிதொட்டி எங்கும் பரவிற்று. தொடர்கதை எழுதுவதற்காகவே ஒரு பத்திரிகையில் மாதச் சம்பளம் வாங்கிய தமிழ் எழுத்தாளர் என்று அவரைச் சொல்லுவார்கள். அபூர்வமான காரியந்தான், கதை எழுதினால் வெற்றிலை பாக்குக்குக் கூட வராத காலம் அது. 1987-ல் காலமானார். அவர் புத்தகங்கள் இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கின்றன.

அந்த நாளில் குமுதம் வருகிற கிழமையன்று எங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் கூட்டம் சேரும். முடி வெட்டிக்கொள்ள வந்தவர்கள் நாலு பேர் என்றால் கதை கேட்க வந்தவர்கள் பதினாலு பேர். எழுத்துத் தெரிந்த ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கத்தரி பாதித் தலையில் நின்றுபோகும். ஒவ்வொரு அத்தியாயமும் கதாநாயகன் கழுத்தில் கத்தி விழப்போகிற இடத்திலோ, கதவு திறந்து எவளோ ஒருத்தி நிற்கிற இடத்திலோ போய் முடியும். அடுத்த ஏழு நாளும் அது யார் கத்தி, யார் அவள் என்று களத்துமேட்டில் விவாதம் நடக்கும். இது ஒரு வியாபாரத் தந்திரந்தான். எனினும் எழுத்தறியாத எத்தனையோ பேருக்கு எழுத்துக் கற்றுக்கொள்ள ஆசையை உண்டாக்கின தந்திரம் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எங்கள் ஊரில் அந்தக் கடையில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டக் கற்றவர்களில் நானும் ஒருவன்.

இனி அந்தக் கதைகளுக்கு வருகிறேன்.

கடல் புறா என்பது ஒரு கப்பலின் பெயர். கதாநாயகன் இளையபல்லவன் என்கிற கருணாகரத் தொண்டைமான். இவன் கலிங்கத்துப் பரணியில் வருகிற, குலோத்துங்க சோழனுடைய படைத்தலைவன். கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகத்தில் கதை தொடங்கி, கீழைக் கடலில் சுமத்ரா வரைக்கும் போய், சிறீவிஜயப் பேரரசோடு மோதுகிறது. 1025-ல் ராஜேந்திர சோழன் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினதற்குத் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டே சாட்சி. அதற்குப் பிறகு ஒரு தலைமுறை கழித்து நடப்பதாக இந்தக் கதை. யவன ராணி கரிகாலன் காலத்தது. பூம்புகார்க் கடற்கரையில் ஒரு யவனப் பெண் ஒதுங்குவதில் தொடங்குகிறது. ஜலதீபம் மராட்டியக் கடற்படைத் தலைவன் கனோஜி ஆங்கரே காலத்தது. ஆங்கரே என்பவன் 1729-ல் இறந்த மெய்யான மனிதன். வெள்ளைக்காரர் அவனைக் கடற்கொள்ளைக்காரன் என்று எழுதி வைத்தார்கள். அவன்மேல் 1721-ல் ஆங்கிலேயரும் போர்த்துகீசியரும் சேர்ந்து படையெடுத்துப் போய்த் தோற்றுத் திரும்பினார்கள். தோற்றவன் எழுதுகிற சரித்திரத்தில் ஜெயித்தவன் கொள்ளைக்காரனாகத்தானே இருப்பான்!

இதிலே எனக்கு ஆச்சரியம் தருகிற சங்கதி ஒன்று உண்டு. கடலில் பிரயாணம் செய்வதைப் பற்றி இந்நாட்டுச் சாஸ்திரங்கள் என்ன சொல்லுகின்றன? மனுதர்ம சாஸ்திரம் மூன்றாவது அத்தியாயத்தில் சிரார்த்தத்துக்குக் கூப்பிடத் தகாதவர்களின் பட்டியல் இருக்கிறது. வீட்டுக்குத் தீ வைத்தவன், விஷம் வைத்தவன், கடலில் போனவன், செக்காட்டுகிறவன் எல்லாரும் அதில் ஒரே வரிசை. போதாயன தர்ம சூத்திரமோ ஜாதியை இழக்கச் செய்யும் பாவங்களில் கடற்பிரயாணத்தை முதலாவதாக வைத்திருக்கிறது. இது ஏட்டோடு நின்றுபோனது என்று நினைத்துவிடாதீர்கள். 1888-ல் காந்தியார் சீமைக்குப் படிக்கப் போகக் கிளம்பியபோது, பம்பாயில் அவருடைய ஜாதிப் பஞ்சாயத்துக் கூடி அவரை ஜாதிக்கு வெளியே தள்ளிற்று. அவருக்கு உதவி செய்கிறவனுக்கும் வழியனுப்பத் துறைமுகத்துக்குப் போகிறவனுக்கும் ஒன்றே கால் ரூபாய் அபராதம்! கணித மேதை ராமானுஜன் 1914-ல் கப்பல் ஏறுவதற்கு முன் நாமகிரித் தாயார் கனவில் வந்து அனுமதி கொடுக்கவேண்டியிருந்தது என்று கதை சொல்லுகிறார்கள். அப்படி அனுமதி பெற்றுப் போயும், 1920-ல் அவர் இறந்தபோது கடல் கடந்தவர் என்பதற்காக வைதிக உறவினர் பலர் விலகி நின்றார்கள் என்று அவருடைய சரித்திரத்தை எழுதினவர்கள் சொல்லுகிறார்கள். உலகமே மதித்த மூளைக்கு நடந்த மரியாதை இது.

இப்படிப்பட்ட சாஸ்திரத்தைப் போற்றும் குலத்தில் பிறந்து, ஒரு ரிஷியின் பெயரையே புனைபெயராகவும் வைத்துக்கொண்ட ஒருவர், தம் கதாநாயகர்களை எல்லாம் கடலிலேயே வாழ வைத்தார்! இளையபல்லவனுக்கு உயிர்த்தோழன் அமீர் என்கிற அரபு நாட்டான். கடற்போரில் குரு ஸ்தானத்தில் நிற்பவன் அகூதா என்கிற சீனன். ஜலதீபத்தில் ஒரு தமிழ் வாலிபன் மராட்டியனிடம் போய்க் கடற்தொழில் பழகுகிறான். யாரும் யாரையும் என்ன ஜாதி என்று கேட்பதில்லை, தீட்டு என்று பாத்திரத்தைக் கவிழ்ப்பதில்லை, ஊர் திரும்பிப் பிராயச்சித்தம் செய்துகொள்வதும் இல்லை. ஆசிரியர் இதை ஒரு சீர்திருத்தம் என்று நினைத்துச் செய்தாரோ இல்லையோ, கடல் அவரைச் செய்ய வைத்துவிட்டது. பாய்மரம் முறிந்து விழும்போது பூணூலைத் தேடிப் பார்த்துக் கை கொடுக்க முடியுமா?

ஆனால் நல்லதை மட்டும் சொல்லிவிட்டுப் போவதற்கு நான் சாண்டில்யனுடைய புத்தகக் கடைக்காரன் அல்ல. குறைகளையும் சொல்லத்தான் வேண்டும்.

முதலாவது, சோதிடம். கடலைக் கடந்த பிறகும் நாவலாசிரியருக்குக் கிரகங்களைக் கடக்க முடியவில்லை. யவன ராணி தமிழ்நாட்டை நோக்கிக் கப்பல் ஏறுவதற்கே ஒரு சோதிடனுடைய வாக்கைக் காரணமாக்கியிருக்கிறார். காற்றையும் நீரோட்டத்தையும் கணக்குப் பார்த்துக் கப்பல் விட்ட ஜனங்களுக்கு ஜாதகம் பார்த்துக் கப்பல் விடும் புத்தியைக் கொடுப்பது அவர்களை அவமதிப்பதாகும். பருவக்காற்று வரும் காலத்தை அறிந்ததனால் யவனக் கப்பல்கள் நேரே நடுக்கடலில் புறப்பட்டு நம் கரைக்கு வந்தன. காற்றுக்கு ராகுகாலம் கிடையாது.

இரண்டாவது, பெண்கள். இந்தச் சபையில் தாய்மார்கள் இருக்கிறார்கள். ஆகவே சுருக்கமாகவே சொல்லுகிறேன். ஒரு கதாநாயகனுக்கு இரண்டு கதாநாயகிகள் என்பது இவர் கதைகளில் மாமூலாகிவிட்டது. யுத்தம் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். கதாநாயகியின் இடையை வர்ணிக்க மூன்று பக்கம் வேண்டும். எதிரிக் கப்பல் நெருங்கிவிட்டது, ஐயா, வர்ணனையை நிறுத்தும் என்று எங்கள் முடிதிருத்தும் கடையிலேயே ஒரு பெரியவர் கத்துவார். இத்தனைக்கும் அந்த யவன ராணி அறிவிலும் சூழ்ச்சியிலும் படைத்தலைவர்களைத் தோற்கடிக்கக் கூடியவள். அப்படிப்பட்டவளைப் படைத்துவிட்டு அழகை மட்டும் அளந்துகொண்டிருந்தால் யாருக்கு என்ன லாபம்? இந்த விஷயத்தில் கல்கி கொஞ்சம் மேல் என்று சொல்லவேண்டும். பொன்னியின் செல்வனில் வருகிற பூங்குழலி தன் கையால் படகு தள்ளிக் கடலைக் கடக்கிற பெண். அவள் கையிலே ஒரு வேலை இருக்கிறது.

மூன்றாவது குறைதான் முக்கியமானது. அதற்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்தேன்.

இந்தக் கப்பல்களை ஓட்டினவர்கள் யார்? ராஜகுமாரனும் படைத்தலைவனும் தளத்தின்மேல் நின்று கையை நீட்டிக் கட்டளை போடுகிறார்கள். கீழே துடுப்புப் போடுகிறவன் யார்? பாய் தைத்தவன், கயிறு திரித்தவன், பலகை இழைத்தவன் யார்? அவனுக்கு ஊர் இல்லையா, பெண்டு பிள்ளை இல்லையா? கடல் புறா மூன்று பாகம். பக்கத்துக்குப் பக்கம் மாலுமிகள் இறைந்து கிடக்கிறார்கள். ஆனால் ஒரு கண்டியத்தேவனைப் போல ஓரிருவரைத் தவிர மற்றவர்கள் அம்பு பட்டு விழுவதற்காகவே கப்பலில் ஏறினவர்கள்போல் இருக்கிறார்கள். கட்டுமரம் என்ற நம் சொல்லை இங்கிலீஷ்காரன் அப்படியே எடுத்துக்கொண்டு இன்று உலகம் முழுவதும் வழங்குகிறான். அந்தச் சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவன் சோழனுமல்ல, பாண்டியனுமல்ல. மரத்தைச் சேர்த்துக் கட்டின பரதவன்.

அரசர் காலத்துக் கதை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாதானம் சொல்லலாம். இங்கிலீஷில் கடற்கதைக்கு வழிகாட்டினவர்களில் மாரியாட் என்று ஒருவர். 1806-ல், 14 வயதில் கடற்படையில் சேர்ந்து உண்மையில் கப்பலில் வளர்ந்தவர். அந்த நாளில் வழியில் போகிற ஏழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கப்பலில் வேலைக்கு அடைப்பது சர்க்கார் வழக்கம். அதை ஒழிக்கவேண்டும் என்று அந்த மாரியாட் 1822-ல், உத்தியோகத்தில் இருக்கும்போதே ஒரு புத்தகம் போட்டார். தளத்தில் நின்றவனுக்குத்தான் தளத்தில் நிற்கிறவன் கஷ்டம் தெரியும்.

நமக்கும் அப்படிப்பட்ட கடற்கதை இல்லாமற் போகவில்லை. அதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னே போகவேண்டியதும் இல்லை. 1906-ல் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார். அதற்குத் தலைவராக இருந்தவர் நம் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர். காலியா, லாவோ என்று இரண்டு கப்பல்கள் வந்தன. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் போட்டியிட்டது. 1908-ல் சிதம்பரம் பிள்ளையைச் சிறையில் போட்டுச் செக்கு இழுக்க வைத்தார்கள். மனு கணக்குப்படி பார்த்தால் கடற்பிரயாணம் ஒன்று, செக்காட்டினது ஒன்று, ஆக இரண்டு குற்றம்! மெய்யாக நடந்த இந்தக் கதையில் வீரம் இல்லையா, சூழ்ச்சி இல்லையா, அத்தியாயத்தை நிறுத்துவதற்குத் திகிலான இடம் இல்லையா? கடல் புறாவுக்குக் கிடைத்த வாசகர்கள் காலியாவுக்குக் கிடைக்கவில்லை.

இன்னும் கிட்டத்திலே வருகிறேன். மதுரையிலும் ராமநாதபுரத்திலும் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனை ஆயிரம் பேர் கங்காணி பின்னாலே போய் மலாய் நாட்டுக்கும் இலங்கைக்கும் கப்பல் ஏறினார்கள்! ரஜூலா என்று ஒரு கப்பல். 1926 முதல் 1973 வரைக்கும் நம் கரைக்கும் மலாய்க்கரைக்கும் நடுவே ஓடிற்று. என் தகப்பனார் அதிலே தளப் பிரயாணியாகப் போனவர். ஒரு தகரப் பெட்டி, ஒரு போர்வை. படுக்க ஓர் ஆள் நீளம் இடம் கிடைத்தால் அதுவே பெரிய காரியம். முதல் நாள் கப்பல் ஆட்டத்தில் எல்லாரும் வாந்தி எடுத்துக் கிடந்தபோது, பக்கத்தில் இருந்தவர் தம் செம்பிலிருந்து இவர் வாயில் தண்ணீர் ஊற்றினாராம். அவர் எந்த ஊர், என்ன ஜாதி என்று இவரும் கேட்கவில்லை. இவர் என்ன ஜாதி என்று அவரும் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து இன்னொருத்தர் செம்பில் வாய் வைத்தது அதுதான் முதல் தடவை என்று அப்பா சொல்லுவார். பத்து வருஷம் ரப்பர் மரம் சீவிவிட்டு ஊர் திரும்பினார். பஸ்ஸை விட்டு இறங்கித் தேத்தண்ணி குடிக்க ஒரு கடையில் நின்றார். அவருக்கென்று கூரையில் செருகி வைத்திருந்த கொட்டாங்கச்சி அப்படியே இருந்தது. கடலைத் தாண்டிவிட்டார்; அந்தக் கடை வாசலைத் தாண்ட முடியவில்லை.

இந்தக் கதையைச் சாண்டில்யன் எழுதவில்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனால் இந்தச் சீமையிலிருந்து கடல் தாண்டிப் போனவர்களைப் பற்றி ஒருவர் எழுதினார். அவரும் நம் மதுரையிலேயே இருந்தார். ப. சிங்காரம் என்பது அவர் பெயர். 1920-ல் சிங்கம்புணரியில் பிறந்தவர். மதுரையில் படித்து, 18 வயதில் சுமத்ராவில் மேடான் பட்டணத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனார். ஜப்பான் யுத்தத்தை அங்கேயே கண்டார். 1946-ல் திரும்பி வந்து, மதுரையில் தினத்தந்தியில் பல காலம் வேலை பார்த்து, 1997-ல் காலமானார். எழுதினது இரண்டே நாவல். கடலுக்கு அப்பால் 1959-லும் புயலிலே ஒரு தோணி 1972-லும் வெளிவந்தன. சாண்டில்யனைப் போல மாதச் சம்பளம் கொடுத்து எழுதச் சொல்ல யாரும் வரவில்லை. கூட்டம் கூடிப் படிக்கவும் இல்லை.

அந்தத் தோணியிலும் கடல் உண்டு, புயல் உண்டு, சண்டை உண்டு. பாண்டியன் என்றுதான் கதாநாயகன் பெயரும். ஆனால் இவன் வேந்தன் அல்ல, வட்டிக்கடைப் பையன். அலை கப்பலை மறிக்கிறபோதும் அவன் மனம் மதுரைத் தெருக்களிலே அலைகிறது. பழம்பெருமை பேசுகிறவர்களை அவன் சும்மா விடுவதில்லை. நம் ஜனங்கள் கடல் கடந்து போனது யானைமேல் ஏறி அல்ல, கடன் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்பதை ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். கிழக்குக் கடலில் இவன் சுற்றுகிற இடங்கள் எல்லாம் இளையபல்லவன் சுற்றின இடங்கள்தான். ஒரே கடல், ஒரே கரை. அங்கே மகுடம் தெரிகிறது, இங்கே வயிறு தெரிகிறது.

கடல் புறாவைப் படிக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானே நாலு தடவை படித்தவன். கீழடியிலும் அழகன்குளத்திலும் பூமியைத் தோண்டினபோது கிடைத்தவற்றை நீங்கள் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். வைகை கடலில் சேருகிற அந்த அழகன்குளத்தில் கிடைத்த ஒரு பானை ஓட்டிலே கப்பல் படம் கீறியிருக்கிறது. எந்தப் புலவனும் எந்த ராஜாவும் கீறினது அல்ல. கப்பலைக் கண்ட எவனோ ஒருவன் கைக்குக் கிடைத்த பானையில் கீறினான். அதையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

காரியதரிசியிடம் நோட்டைக் கேட்டுப் பார்த்ததில் சிங்காரத்தின் புத்தகம் இங்கே இல்லை என்று தெரிந்தது. என்னிடம் இருந்த புயலிலே ஒரு தோணிப் பிரதியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரடாக இருக்கும், பழகிக்கொள்ளுங்கள். முடிதிருத்தும் கடையில் போட்டு உரக்கப் படித்தாலும் எனக்குச் சந்தோஷந்தான். ரஜூலாவில் போய்வந்தவர்களில் இரண்டு பெரியவர்கள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, இதே மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பேசச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் கையெழுத்து நன்றாக உள்ளவர்கள் இரண்டு பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து எழுதிக்கொள்ளச் செய்யுங்கள். அதற்கு வேண்டிய நோட்டுப் புத்தகத்துக்கும் பேனாவுக்கும் ஆகிற செலவை நான் தருகிறேன்.